காலாவதியான சான்றிதழும் ராசாத்தியின் குரலும்

இன்று காலை தூசு தட்டுவதற்காக உன்னுடைய கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து வெங்காய வாசனை வந்தது. பெட்டி தொண்டைமானாற்றுக்கு வந்து ஒரு வருடமாகப் போகிறது. யன்னலைத் திறந்தால் கருவாட்டு மணமும் உப்புக் காற்றும் வருகிற இந்தச் சங்க அலுவலகத்தில் இத்தனை நாள் இருந்தும், உரும்பிராயில் உன் வீட்டு வெங்காய அறையை அது இன்னும் மறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன செயலாளர், தனியச் சிரிக்கிறியள்?"

"என்ரை சிநேகிதியின்ரை மணம் வருது" என்றேன்.

நீ கொழும்பில் வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு, தகப்பன் விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பி வந்த வருடம் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாங்கள் மறுபடி வாரம் ஒருமுறையாவது சந்திக்கத் தொடங்கினோம். அப்போதுதான் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அந்தச் சங்கடம் வந்தது. எனக்கு முன்பு செயலாளராக இருந்தவர் இலவச மின்னஞ்சல் கணக்கொன்றைத் தன் கைத்தொலைபேசி இலக்கத்தில் பதிந்திருந்தார். அவர் வெளிநாடு போனார், இலக்கம் போனது, கணக்கும் பூட்டிக்கொண்டது. சங்கத்தின் ஏழு வருடக் கடிதங்கள் உள்ளே, நாங்கள் வெளியே. நான் உன்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னேன். நீ ஆறுதல் சொல்லாமல் விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எடி, கடிதப் பெட்டியை ஊர் பேர் தெரியாத ஆளின்ரை வீட்டிலை வைச்சா அப்பிடித்தான். எங்கடை பெட்டி எங்கடை வீட்டிலை இருக்கட்டும்."

இரண்டு மாதத்தில் உன் வீட்டு வெங்காய அறையில், கட்டுக் கட்டாகத் தொங்கிய வெங்காயத்துக்குக் கீழே, ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இரையத் தொடங்கியது. அதுதான் எங்கள் அஞ்சல் அலுவலகம். சங்கத்துக்கு ஒரு முகவரி, சண்டிலிப்பாயில் மாட்டு வைத்தியருக்கு ஒன்று, உங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஒன்று என்று முப்பது பேர் அளவில் சேர்ந்தார்கள். முதல் வருடம் நாங்கள் அனுப்பிய கடிதங்களில் பாதி மற்றவர்களின் குப்பைக் கூடைக்குள் விழுந்தது. நீ ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்துச் சரிசெய்தாய். அந்த அறைக்குள் போய்வந்தால் உன் சேலையிலும் வெங்காயம் மணக்கும். அதைப் பற்றி நீ ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது ராசாத்தியின் நாளைப் பற்றி. நீ உயிரோடு இருந்தபோது அதை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிற காலம். ராசாத்தியின் புருசன் தேவனும், அவளுடைய தம்பியும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. எஞ்சின் நின்றிருக்கும், காற்று வெளிக் கடலுக்குத் தள்ளியிருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தேடப் போன படகுகள் வெறுமனே வந்தன. நான்காம் நாள் காலை அலுவலகத்தைத் திறந்தபோது வாசலில் ராசாத்தி நின்றாள். அதற்கு முந்திய நாள் பூரணை விடுமுறை, அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கோயிலடியில் எல்லாரும் தன்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள், இங்கே கொஞ்ச நேரம் இருக்கட்டுமா என்று கேட்டாள். கதிரையை இழுத்துப் போட்டேன்.

பத்து மணி போலத் தொலைபேசி அடித்தது. கரையோர விடயங்களைப் பார்க்கும் ஓர் அதிகாரி.

"ஒரு சரக்குக் கப்பல் கடலிலை ரண்டு பேரை ஏத்தியிருக்காம். கப்பல் முகவர் உங்கடை சங்கத்துக்கு ஈமெயில் போட்டிருக்கிறாராம். பாருங்கோ."

"ஆர் ஆள்? பேர் சொன்னவையோ?"

"எனக்கு அவ்வளவுதான் தெரியும். கிழக்குப் பக்கத்திலையும் ஒரு போட்டைக் காணேல்லை. அதாவும் இருக்கலாம், உங்கடையாவும் இருக்கலாம்."

ராசாத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டே கணினியில் கடிதங்களைத் திறந்தேன். திறக்கவில்லை. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை, சான்றிதழ் செல்லுபடியாகாது என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து திரையின் நடுவில் நின்றது. மூடினேன், மறுபடி வந்தது. அப்போது நான் செய்தது உனக்குத் தெரியும். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் உனக்கு அழைத்தேன்.

நீ முதலில் கேட்டது என் உடல்நலத்தையோ காற்றையோ அல்ல.

"வலது பக்கக் கீழ் மூலையிலை என்ன திகதி காட்டுது?"

பார்த்தேன். கணினி பதினைந்து வருடத்துக்கு முந்திய ஒரு சனவரி முதலாம் திகதியில் நின்றது. விடிய மின்சாரம் போய் வந்திருந்தது. உள்ளேயிருந்த சின்ன மின்கலம் செத்துப்போனதால் அதற்குக் காலம் மறந்துவிட்டது.

"அப்ப உன்ரை கணினிக்கு இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. திகதியை மாத்து."

மாற்றினேன். பிழைச் செய்தியும் மாறியது. முன்பு, இன்னும் தொடங்காத சான்றிதழ் என்றது. இப்போது, முடிந்துபோன சான்றிதழ் என்றது. இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்தேன். உனக்கோ குரல் உற்சாகமாகிவிட்டது.

"பிழை மாறினா நல்லதடி. அசையுது எண்டு அர்த்தம்."

பின்னால் ராசாத்தி விசும்பியது உனக்குக் கேட்டிருக்க வேண்டும். "ஆர் அது?" என்றாய். சொன்னேன். "வாறன்" என்று வைத்துவிட்டாய். முக்கால் மணித்தியாலத்தில் உன் ஸ்கூட்டர் முற்றத்தில் நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து, கணினியின் முன் குந்தினாய்.

"என்ன என்ன மாத்தினனி?"

"ஒண்டும் மாத்தேல்லை."

நீ அமைப்புகளைத் திறந்தாய். கடிதம் எடுக்கும் கதவின் இலக்கம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாக இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்து மூன்று. பாதுகாப்பு என்ற இடத்தில் 'எதுவும் இல்லை'. நீ தலைக்கவசத்துக்குள்ளிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"இது தானா நடந்ததோ?"

ராசாத்திக்கு முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீ இலக்கத்தைத் திருத்திக்கொண்டே அவளுக்கு விளங்கப்படுத்தினாய். பாஸ்வேர்டை மூடாமல் அனுப்பினால் நடுவில் யாரும் வாசிக்கலாம், அதனால் உன் சேவர், அந்த வெங்காய அறைப் பெட்டி, அப்படி வருகிற எவரையும் உள்ளே விடாது, செயலாளராக இருந்தாலும் சரிதான் என்றாய். ராசாத்தி தலையாட்டினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடிதம் உள்ளுக்கை இருக்கோ அக்கா?"

"இருக்கும். எடுத்துத் தாறன்."

எல்லாம் சரியாகப் போட்ட பிறகும் அந்தப் பெட்டி மறுபடி வந்தது. முடிந்துபோன சான்றிதழ். கீழே ஒரு பொத்தான்: விதிவிலக்காக ஏற்றுக்கொள். நீ நெற்றியைச் சுருக்கினாய். புதிய சான்றிதழ் போன கிழமையே வந்துவிட்டது என்றாய். பிறகு, "உன்ரை போனைத் தா, அதிலை என்ன சொல்லுது எண்டு பாப்பம்" என்று கையை நீட்டினாய்.

தந்தேன். நீ திரையை மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தாய். பிறகு போனைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த உன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிறதா என்று பார்க்க வெளியே போனாய்.

நீ வெளியே நின்ற நேரத்தில் ராசாத்தி எழுந்து என் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, உந்தப் பொத்தானை அமத்தினா வருமோ?"

"வரும் போலைதான் கிடக்கு."

என் கை மவுசில் இருந்தது. அமத்தப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் நீ வாசலில் நிற்கிறாய். கோபிப்பாய் என்று நினைத்தேன்.

"அமத்தாதை எண்டு சொல்ல மாட்டன்" என்றாய். "சான்றிதழ் எண்டது அங்காலை நிக்கிற ஆளின்ரை அடையாள அட்டை. அட்டை பிழையா இருக்கேக்கை சாவியைக் குடுத்தால், ஆரிட்டைக் குடுத்தம் எண்டு தெரியாது. பத்து நிமிசம் தா எண்டுதான் கேக்கிறன்."

"உன்ரை பெட்டிதானே. நீயே உள்ளுக்கை போய் வாசிச்சுச் சொல்லேலாதோ?" என்று நான் சீறினேன். பயத்தில் வந்த சீற்றம்.

"ஏலும். உங்கடை கடிதம் ஒண்டையும் நான் ஒருநாளும் திறக்கேல்லை. பத்து நிமிசத்துக்குள்ளை சரிவராட்டி, ராசாத்தியைக் கேட்டு, உனக்கு முன்னாலை வைச்சுத் திறக்கிறன்."

ராசாத்திதான் முடிவு சொன்னாள். "பத்து நிமிசம்தானே. பாருங்கோ அக்கா."

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் மலர்கிறது. சங்கக் கணினியின் திரையில் அந்தச் சான்றிதழின் கைரேகை என்று ஒரு நீளமான வரிசை இருந்தது. எழுத்தும் இலக்கமும் இரண்டிரண்டாக முப்பத்திரண்டு சோடி. உன் மடிக்கணினியில், உரும்பிராய்ப் பெட்டியிலிருந்து எடுத்த வரிசை. இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தப் பக்கம் நிற்பது நம்முடைய சேவர்தான், நடுவில் வேறு யாரும் இல்லை. நான் வாசிக்கத் தொடங்கினேன். அவசரத்தில் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தேன். மூன்றாவது சோடியிலேயே எட்டுக்கும் பி-க்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"தள்ளுங்கோ அக்கா" என்றாள் ராசாத்தி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு என் கதிரையில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டிக்கு நிற்பவள் மாதிரி நிமிர்ந்து இருந்தாள்.

"ஏழு, சி. மூண்டு, எஃப். சைபர், ஒன்பது. டி, நாலு."

"பொறு, டி-யோ பி-யோ?"

"டி. போட் எண்டு எழுதுற பி இல்லை."

நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். நான்கு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறையாக இருக்கும். பிறகு அவள் குரல் ஒரு சீராகப் போனது. ஒவ்வொரு சோடிக்கும் நீ "ஓம்" என்றாய். ஏழு, ஏ. ஓம். ரண்டு, ரண்டு. ஓம். வெளியே படகு இழுப்பவர்களின் சத்தம் கேட்டது. உள்ளே அவள் வாசிக்க, நீ ஓம் போட, எனக்கு அது கோயிலில் போற்றி சொல்வது போல இருந்தது. முப்பத்திரண்டாவது சோடிக்கும் ஓம் என்றாய்.

"எங்கடை சேவர்தான். பழைய அட்டையைத்தான் காட்டிக்கொண்டு நிக்குது. புது அட்டை வந்து வீட்டிலை கிடக்கு, ஆனா கடிதம் குடுக்கிற வேலைக்காரனைத் திருப்பி எழுப்பினால்தான் அவன் அதைக் கையிலை எடுப்பான். நான் எழுப்பேல்லை."

ஒரு வரி தட்டினாய். "இப்ப பார்" என்றாய்.

எச்சரிக்கைப் பெட்டி வரவில்லை. கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கின. வலைக் கண்காட்சி அழைப்பு, வாசிகசாலைச் சுற்றறிக்கை, மாட்டு வைத்தியர் யாருக்கோ அனுப்ப வேண்டியதை எங்களுக்கு அனுப்பிய ஒன்று. அவற்றுக்கு நடுவே ஒரு கப்பல் பெயர். ராசாத்தி எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டாள். "நீங்களே வாசியுங்கோ" என்றாள். என்னிடம் கண்ணாடி இல்லாததால் நீதான் வாசித்தாய். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மெல்ல மெல்லச் சொன்னாய். முதல் வரியிலேயே தேவனின் பெயர் இருந்தது. இரண்டாவது பெயர் அவள் தம்பியுடையது. இருவரும் நலம், தண்ணீர் குறைந்து களைத்திருந்தார்கள், இப்போது சாப்பிடுகிறார்கள், அடுத்த துறைமுகத்தில் இறக்கி அனுப்புவோம். கடைசியில் ஒரு வரி: தேவன் தன் மனைவிக்குச் சொல்லும்படி கேட்டது, வெயிலில் காயப்போட்ட புது வலையை எடுத்து உள்ளே வைக்கவும்.

ராசாத்தி சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

"நாலு நாளா நான் செத்துச் செத்துப் பிழைச்சனான். அவருக்கு வலை."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. நாங்கள் மூன்று பேரும் நிலத்தில்தான் இருந்தோம். கிழக்குப் பக்கத்துப் படகும் அன்று பின்னேரமே தானாகக் கரைக்கு வந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதோடு முடிந்திருக்கலாம். தேத்தண்ணி வைக்க நான் எழுந்தபோது நீ கடிதத்தின் மேல் பக்கத்தைப் பார்த்தாய்.

"ராசாத்தி, இந்தக் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது" என்றாய். "என்ரை பெட்டிக்குள்ளை ஒரு நாள் கிடந்திருக்கு. நான் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததாலை. பிழை என்ரை."

யாரும் உன்னிடம் கேட்கவில்லை. நீ சொல்லாவிட்டால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ராசாத்தி உன்னைப் பார்த்தாள். ஒரு இரவு முழுவதும் அவள் பட்டது அவள் முகத்தில் வந்துபோனது. பிறகு, "நீங்கள் ஓடி வந்தனீங்கள்தானே அக்கா" என்று உன் கையைப் பிடித்தாள்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஏனென்றால் என் போனிலும் சங்கக் கடிதங்கள் வரும். அதற்கு முந்திய நாள் மத்தியானம், பூரணைக்குப் பாயாசம் கிண்டிக்கொண்டு நின்றபோது, சான்றிதழ் பிழை என்று எச்சரிக்கை வந்தது. விரலால் தள்ளிவிட்டேன். பின்னேரமும் வந்தது. அதையும் தள்ளிவிட்டேன். ஒரு வார்த்தை உனக்குச் சொல்லியிருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே ராசாத்திக்குச் செய்தி போயிருக்கும். நீ என் போனை வாங்கித் திரையைத் தள்ளிப் பார்த்தபோது, வந்த நேரத்தோடு அந்த எச்சரிக்கை வரிகள் எல்லாம் அங்கே இருந்தன. நீ பார்த்தாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன். பிறகு நீ பிழை முழுவதையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். நான் சீனி போதுமா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் சந்தித்தோம். அடுத்த கிழமையே, புது சான்றிதழ் வந்தவுடன் சேவர் தானே எழும்புகிற மாதிரி எழுதிவிட்டாய். அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டாய். தேவன் ஊர் திரும்பி, உனக்கென்று ஒரு பெரிய பாரை மீனோடு உரும்பிராய்க்கு வந்தபோது நானும் கூட வந்தேன். நீ சைவம் என்று அவனுக்குத் தெரியாது. அவன் போகும்வரை மீனைக் கையில் ஏந்தியபடியே நின்றாயே. மூன்று வருடம். ஒருநாளும் நீ அந்தப் போனைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. உனக்கு வருத்தம் வந்து, மருந்தோடு கட்டிலில் கிடந்தபோது, எல்லாப் பாஸ்வேர்டும் எழுதிய கொப்பியை என்னிடம் தந்து, "நீ பாப்பாய்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நீ மாட்டு வைத்தியரின் பாஸ்வேர்டைப் பற்றிப் பகிடி விடத் தொடங்கினாய், இருவரும் சிரித்தோம், நேரம் போய்விட்டது.

நீ போனபின், உன் மகள் நோர்வேயிலிருந்து வந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது பெட்டியை இங்கே கொண்டுவந்தேன். வந்த நாளிலிருந்து அதோடு சண்டைதான். ஆனால் ஓடுகிறது. முப்பது பேர் முப்பத்தெட்டாகிவிட்டார்கள்.

போன மாதம் அது நின்றுவிட்டது. காலையிலிருந்து பின்னேரம் வரை ஒருவருக்கும் கடிதம் வரவில்லை. வந்தவை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. தேடிப் பார்த்தால், நான் எடுத்துவைத்த பழைய பிரதிகளை அழிக்காமல் விட்டதால், பெட்டியில் இடம் முழுவதும் நிரம்பிப் போயிருந்தது. சரிசெய்துவிட்டேன். அடுத்த நாள் செயற்குழுக் கூட்டம். பேச்சு அந்தக் கடிதங்களில் வந்து நின்றது.

"லைன் சரியில்லை போலை" என்றார் தலைவர். "மழைக்கு அப்பிடித்தான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினால் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். எழுந்தேன்.

"லைன் இல்லை. பழசுகளை அழிக்க மறந்தது நான். பிழை என்ரை. திரும்பிப் போன கடிதங்களுக்கு, அனுப்பினவையைக் கேட்டு எழுதியிருக்கிறன்."

பின்வரிசையில் ஒருவர் தன்னுடையது எப்போது வரும் என்று கேட்டார். நாளைக்கு என்றேன். சரி என்றார். தலைவர் கொப்பியைப் புரட்டினார். ஐஸ் பெட்டி திருத்துவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

அவ்வளவுதான். இத்தனை வருடம் இந்தக் கூட்டங்களில் இருந்தும், அப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். கூட்டம் முடிந்ததும் ராசாத்தி வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லாத அந்தப் போன் கதையை அவளிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து போய்த் தட்டை எடுத்து வந்தாள். எனக்கு அன்று நல்ல பசி. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.